பூனை உலவும் வீட்டில் எந்தச் செடி?

(பகவான் மகாவீரர் ஜயந்தி விழாவில் மதுரையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இத்தகைய மேடைகளில் நூற்பொருள் பற்றியும் தலங்கள் பற்றியும் பேசுவது வழக்கம். அவற்றைப் பேச என்னினும் தக்கோர் இங்கே பலர் உளர். பல்லாண்டு தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், நான் அறிந்த பொருளிலேயே பேசலாம் என அறக்கட்டளையினர் இசைவு தந்தனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. பூனை உலவும் வீட்டில் எந்தச் செடியை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பதே அது. இது பொழுதுபோக்குச் செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். ஓர் உயிர் போவதும் பிழைப்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டு மதுரைக்கு வந்த குடும்பத்தினர். நம் பாட்டனார் வீடுகளிலும் பூனைகள் இருந்தன. அவற்றை யாரும் வளர்க்கவில்லை. அவை தாமே வந்து தங்கின. முற்றம், தாழ்வாரம், நெற்குதிர், கொல்லை என்று அவை உலவ இடம் பரந்து கிடந்தது. அரளி வேலியோரத்தில் நின்றது. எருக்கு புறம்போக்கில் நின்றது. பூனைக்கு வயிறு சரியில்லையென்றால் கொல்லையில் அருகம்புல்லைக் கடித்துக்கொள்ளும். இன்று நிலை வேறு. அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், சன்னலுக்கு வலையடித்த இரண்டு அறைகளுக்குள் பூனை வாழ்கிறது. வேலியோரத்துச் செடி தொட்டியில் ஏறி வரவேற்பறைக்குள் வந்துவிட்டது. கடிக்கப் புல் இல்லாத பூனை, எட்டும் தூரத்தில் அசைகின்ற இலையைக் கடிக்கிறது. செடியும் பழையதே, பூனையும் பழையதே. இரண்டையும் ஒரே அறைக்குள் பூட்டியது மட்டுமே புதியது. அதைச் செய்தவர்கள் நாம்.

பூனைக்கு ஏன் இவ்வளவு அச்சம் என்று கேட்கலாம். வறட்சிக் காலத்தில் ஆடு எருக்கிலையைக் கடித்துவிட்டு நடமாடுவதைக் கண்டவர்கள் இங்கே இருப்பார்கள். ஆடு தொடாத இலைக்கு ஆடுதொடா என்றே பெயர் வைத்தவர்கள் நாம். ஆனால் ஆட்டை வைத்துப் பூனையை அளக்க முடியாது. ஆடு தலைமுறை தலைமுறையாக இலை தின்று வாழும் உயிர். இலைகளில் உள்ள நச்சுப் பொருள்களைச் சிதைக்க அதன் வயிறும் ஈரலும் பழகியிருக்கின்றன. பூனையின் உடல் அவ்வாறு அமையவில்லை. பிற விலங்குகளின் ஈரல் பல வேதிப்பொருள்களை ஒருவகைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடும். அந்த வேலைக்கான நொதிகளில் சில பூனையிடம் மிகக் குறைவு. நாம் காய்ச்சலுக்குக் கூசாமல் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பூனை தன் உடலை நாவால் நக்கித் தூய்மை செய்யும். இலையைத் தின்னாவிட்டாலும், மயிரில் ஒட்டிய மகரந்தமும் பாலும் அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

முதலில் லில்லி. இதை விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இது நம் மண்ணின் செடியன்று, இதன் தீமை நம் பாட்டிமாருக்குத் தெரியாது. திருமண வரவேற்பிலும் புதுமனை புகுவிழாவிலும் கண்ணாடித்தாள் சுற்றி நீட்டப்படும் பூங்கொத்தில், எக்காளம் போல் விரிந்து, நடுவில் பழுப்பு மகரந்தம் உதிர்க்கும் பெரிய பூ இருக்கிறதே, அதுதான். அதன் இதழ், இலை, தண்டு, மகரந்தம் எதுவும் விலக்கில்லை. கொத்தை நட்டுவைத்த குவளை நீர்கூட நஞ்சு. பூனை ஓரிலையைக் கடித்தாலும், மகரந்தம் படிந்த காலை நக்கினாலும் போதும். சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், உணவை வெறுக்கும். பிறகு சற்றுத் தெளிந்தது போலத் தோன்றும். வீட்டார் நிம்மதி அடைவது அந்த நேரத்தில்தான். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். கடித்த 18 மணி நேரத்துக்குள் மருத்துவர் நரம்பு வழியே நீரேற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. அதற்குப் பின் மிகக் கடினம். நாய் இதே பூவைத் தின்றால் வயிற்றுக் கோளாறோடு தப்பிவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களே 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இதைக் கண்டறிந்து எழுதத் தொடங்கினர். சிறுநீரகத்தைக் கெடுக்கும் பொருள் இன்னதென்று அறிவியல் இன்றளவும் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. டே லில்லி என்று தொட்டியில் விற்கும் செடிக்கும் இதே தீமை உண்டு.

நகரில் ஓர் இல்லத்தில், புதுமனை புகுந்த மூன்றாம் நாள் வீட்டுப் பூனை படுத்துவிட்டது. புது இடம் ஒவ்வவில்லை, பால் திரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். மேசைமேல் இருந்த பூங்கொத்தை யாரும் எண்ணவில்லை. நான்காம் நாள் அது இறந்தது. அந்தப் பூங்கொத்தை அன்போடு கொடுத்தவர் நம்மைப் போன்றே கொல்லாமை நோற்பவர்.

இங்கே நம் நூலை ஒருமுறை நினைவுகூர வேண்டியிருக்கிறது. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்டம் தவிர்த்தல் ஒன்று. சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அதை ஐந்தாக வகுக்கிறார். கொலைக்குத் துணையாகும் பொருளைப் பிறர்க்கு ஈதல் அவற்றுள் ஒன்று. கோடரி, வாள், மண்வெட்டி, தீ, சங்கிலி ஆகியவற்றோடு நஞ்சையும் அவர் அங்கே சேர்த்திருக்கிறார். மற்றொன்று பிரமாதம், அதாவது கவனமின்மையால் விளையும் செயல். பயனின்றி மண்ணைத் தோண்டுவதும், பயனின்றிச் செடிகொடிகளை வெட்டுவதும் அதனுள் அடங்கும். நம் பொருளுக்கு இவ்விரண்டும் ஒருசேர வேண்டும். ஏன் என்று சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

அடுத்தது அரளிக் குடும்பம். இது நம் ஊர்ச் செடி. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் கல் தொலைவுக்குப் பூத்து நிற்பதை நாள்தோறும் பார்க்கிறோம். அரளி, மஞ்சளரளி, எருக்கு, மாடிகளில் இன்று பெருமையாக வைக்கப்படும் அடினியம் ஆகிய நான்கும் ஒரே குடும்பம். இவற்றின் நஞ்சு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பது. பூனைக்கு மட்டுமன்று, மாட்டுக்கும் மனிதர்க்கும் அப்படியே. அண்டை மாநிலத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, தன் கோயில்களின் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்ப்பதென முடிவு செய்தது. அரளியைக் கடித்ததாகக் கருதப்பட்ட ஓர் இளம்பெண்ணின் மரணமும், அரளியிலை தின்ற பசுவும் கன்றும் இறந்த செய்தியும் அதற்கு முன் நாளிதழ்களில் வந்திருந்தன. வழிபாட்டுப் பழக்கத்தையே ஓர் அமைப்பு மாற்றிக்கொண்டது என்றால், நம் மாடித் தோட்டத்தை மாற்றிக்கொள்வது பெரிய செயலன்று. கலஞ்சோ என்று சிறு தொட்டிகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் செடி வேறு குடும்பத்தது. நஞ்சு மட்டும் இதே வகை.

செங்காந்தள் நம் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு என்று இதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கோல்ச்சிசின் என்னும் மருந்துப் பொருள் அதில் இருக்கிறது. மருந்தாகும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அழகுக்காக இதைச் சாளரத்தில் படரவிடும் பழக்கம் நகரத்தில் தலைகாட்டுகிறது, வேண்டா. குன்றிமணியும் ஆமணக்கும் வீட்டுக்குள் வளர்ப்பார் இல்லை. எனினும் தொட்டிக்கு உரமாக ஆமணக்குப் புண்ணாக்கு இடுவோர் உளர். அதன் மணத்துக்கு நாயும் பூனையும் மண்ணைக் கிளறித் தின்னக்கூடும். அதில் எஞ்சும் நஞ்சு கொடியது. எலும்புத்தூளை நாம் எப்படியும் தொடமாட்டோம். அதற்கு வேறு காரணம் தேவையில்லை. மட்கிய சாணமும் இலைமட்கும் நமக்குப் போதும்.

இனி, பெயரால் வரும் ஏமாற்றம். தள்ளுவண்டியில் செடி விற்பவரும் சரி, நர்சரிக்காரரும் சரி, தாவரவியல் பெயர் சொல்லி விற்பதில்லை. அதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவும் இயலாது. ‘பாம்’ என்று இரண்டு செடிகளை அருகருகே வைத்திருப்பார். ஒன்று அரிக்கா பாம். பூனை கடித்தாலும் தீங்கில்லை. மற்றொன்று சேகோ பாம் என்னும் சைகஸ். அது பனையே அன்று. அதன் இலையும் விதையும் ஈரலை அழிப்பவை, விதை மிகக் கொடியது. அரிக்காவின் மட்டை மெலிந்து மஞ்சளாக இருக்கும். இலை கையில் மென்மையாக வளையும். சைகஸின் இலை முள் போல் குத்தும். அடிமரம் அன்னாசிப் பழம் போல் செதில் செதிலாக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்துகொண்டால் போதும். அவ்வாறே ‘ஃபெர்ன்’ என்ற பெயரில் பாஸ்டன் ஃபெர்ன் தீங்கற்றது; அஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணியே அன்று, நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவு, பூனைக்கு ஆகாது. பீஸ் லில்லி என்பது பெயரில்தான் லில்லி. அது சிறுநீரகத்தைத் தொடாது, வாயைப் புண்ணாக்கும்.

வாயைப் புண்ணாக்கும் செடிகள்தாம் நம் வீடுகளில் மிகுதி. மணி பிளான்ட், டிஃபன்பாக்கியா, அக்லோனிமா, சிங்கோனியம், ஆந்தூரியம், ஜீ ஜீ பிளான்ட் எல்லாம் சேம்பின் குடும்பம். நம்மில் பலர் கிழங்கு உண்பதில்லை. ஆயினும் சேனையும் சேம்பும் நாக்கை அரிக்கும் என்று அறியாதவர் யார்? அந்த அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி வடிவப் படிகங்கள். பூனை இலையைக் கடித்தவுடன் அவை நாக்கிலும் தொண்டையிலும் தைக்கும். எச்சில் வடியும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், ஒரு நாள் உண்ணாமல் கிடக்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. தொண்டை வீங்கி மூச்சடைத்தால் மட்டுமே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆனால் வேதனை வேதனைதான். மருள் இனத்து ஸ்நேக் பிளான்ட், லக்கி பாம்பூ என்று விற்கும் டிராசினா, சோற்றுக் கற்றாழை ஆகியவை வாந்தியும் கழிச்சலும் தருவன. திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டும் கற்றாழை பூனைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் நான் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

பால் வடியும் செடியெல்லாம் தவிர்க்க என்று ஒரு விதி சொல்வார்கள். நல்ல விதிதான், பாதி வழி வரை. பால் வடிந்தால் விலக்குங்கள். வடியவில்லை என்பதற்காக ஏற்காதீர்கள். லில்லியில் பால் இல்லை, சைகஸிலும் இல்லை.

இவ்வளவு கேட்ட பின், வீடு திரும்பியதும் தொட்டிகளைப் பிடுங்கி எறியத் தோன்றும். சற்று முன் பாதியில் நிறுத்திய பொருள் இங்கேதான் வருகிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுத்துப் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றது. நம் திருவறமும் அவற்றை ஏகேந்திரிய சீவன் என்கிறது. பூனை பஞ்சேந்திரிய சீவன். பெரிய உயிரைக் காக்கச் சிறிய உயிரை அழிக்கலாம் என்று கணக்கிட்டுக் கடந்துபோவது எளிது. நான் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அரளி ஒரு குற்றமும் செய்யவில்லை. தன்னைத் தின்ன வருவோரிடமிருந்து காத்துக்கொள்ள அது கண்ட வழி அந்த நஞ்சு. அது இருக்க வேண்டிய இடம் வேறு, அவ்வளவே. பூனையும் ஆடு மாடும் நுழையாத, சுற்றுச்சுவர் உள்ள தோட்டம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் செடியின் இயல்பைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்லாமல் கொடுத்தால் அது நஞ்சை ஈதலாகிவிடும். கழித்த கிளைகளைத் தெருவில் போடவேண்டா, மாடு தின்னும். எரிக்கவும் வேண்டா, அரளிப் புகையும் நல்லதன்று. மணி பிளான்ட் போன்றவற்றைப் பூனை நுழையாத அறைக்கு மாற்றினால் போதும். உயரத்தில் தொங்கவிடுவது தீர்வாகாது. அலமாரி உச்சியில் படுத்துறங்கும் உயிரிடம் உயரம் செல்லாது. இவை எல்லாம் வாங்கிய பின் படும் பாடு. வாங்கும் முன்பே ஐந்து நிமிடம் ஆராய்ந்தால் இரண்டு உயிர்க்கும் இடர் இல்லை. அமெரிக்காவில் 1866-இல் தொடங்கிய விலங்குவதைத் தடுப்புச் சங்கம், பூனைக்கு ஆகும் செடி, ஆகாத செடி என்று பட்டியல் வைத்திருக்கிறது. பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அது அந்நாட்டு வீடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

சரி, எதைத்தான் வைப்பது? மதுரையில் இருந்துகொண்டு முதலில் மல்லியைச் சொல்லாமல் வேறெதைச் சொல்வது! 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் குண்டுமல்லி பூனைக்குத் தீங்கற்றது. பிச்சியும் முல்லையும் அதே இனம். வெயில் விழும் மாடத்தில் ஒரு மல்லித் தொட்டி நன்றாகப் பூக்கும். மொட்டுப் புழுவுக்கு மருந்தடிக்காமல் வளர்ப்பது மட்டும் முக்கியம். ‘நைட் ஜாஸ்மின்’, ‘இரவு ராணி’ என்று இரவில் மணக்கும் செடி மல்லி இனமன்று, நச்சுள்ளது. ரோஜா வைக்கலாம், முள்ளைத் தவிர வேறு கேடில்லை. செவ்வந்தி வேண்டா, பூச்சிகளை விரட்டும் அதன் பொருளே பூனைக்கும் ஒவ்வாது.

வீட்டுக்குள் என்றால் ஸ்பைடர் பிளான்ட்டுக்கு நான் முதலிடம் தருவேன். நாணல் போல் வளைந்த வெள்ளைக்கோட்டு இலை. பூனைக்கு அதன்மேல் தனி மோகம். கடித்துக் கந்தலாக்கும், மிகுதியாகத் தின்றால் வாந்தி எடுக்கும், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் அதன் நுனி கருகும். மழைநீர் பிடித்து ஊற்றுவது நன்று. நீர் சுத்திகரிக்கும் எந்திரத்தின் கழிவுநீரில் உப்பு இன்னும் மிகுதி. சிக்கனம் கருதி அதை ஊற்றாதீர்கள். அரிக்கா பாம், பெப்பரோமியா, ஹவொர்தியா ஆகியவை நம் வெப்பத்தைத் தாங்கும். ஹவொர்தியா சிறு கற்றாழை போலவே தோன்றும்; கற்றாழையின் தீங்கு அதனிடம் இல்லை. பாஸ்டன் ஃபெர்ன், கலாத்தியா, இரவில் கைகூப்புவது போல் இலை மடிக்கும் மராண்டா ஆகியவையும் தீங்கற்றவை. ஆனால் கத்திரி வெயிலின் வறண்ட காற்றில் அவை படும் துன்பத்தைப் பார்க்கச் சகிக்காது. கொடைக்கானலில் இருப்போர் வளர்க்கட்டும்.

எல்லாவற்றினும் முதன்மையாக, பூனைக்கென்றே ஒரு தொட்டிப் புல். வயிற்றில் சேரும் மயிரை வெளியேற்றவும் வேறு காரணங்களாலும் அது புல்லைத் தேடும். தனக்கென்று புல் இருந்தால் பிற இலைகளை நாடுவது குறையும். அருகம்புல் போதும்; பிடுங்கி வந்து நட்டாலே தழைக்கும். களைக்கொல்லி தெளித்த இடத்திலிருந்து எடுக்கவேண்டா. கோதுமையைத் தூவினால் பத்து நாளில் புல்லாகும். சோளத்தைத் தூவவேண்டா. இளஞ்சோளத்தில் சயனைடு விளையும்; அதை மேய்ந்த மாடு சுருண்டு விழுவதைத் திருமங்கலம், பேரையூர் பக்கத்து மானாவாரி உழவர்கள் அறிவார்கள். குப்பைமேனிக்கு நம்மவர் பூனைவணங்கி என்று பெயரிட்டது வியப்பான நுட்பம். பிடுங்கிய வேரின் மணத்துக்குப் பூனை ஓடிவந்து உருளும். ஆனால் விருப்பம் வேறு, நன்மை வேறு. அதிலும் சயனைடு தரும் ஒரு பொருள் உண்டு. தெருவோரத்தில் அது இருக்கட்டும், தொட்டிக்கு வேண்டா.

இத்தனைக்குப் பின்னும் பூனை ஆகாததைக் கடித்துவிட்டால், உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், அதுவே கேடாகும். பாலும் புகட்டவேண்டா. வாயில் ஒட்டிய இலைத்துணுக்கைத் துடைத்து, மகரந்தம் படிந்திருந்தால் ஈரத்துணியால் மயிரைத் துடைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்தச் செடியின் கிளை ஒன்றை ஒரு பையில் போட்டுக் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். “ஏதோ இலையைத் தின்றுவிட்டது ஐயா” என்று சொல்வதைவிட அந்தக் கிளை மருத்துவருக்குப் பத்து மடங்கு உதவும்.

மண்டபத்து வாயிலில் ஸ்பைடர் பிளான்ட் நாற்றுகளும் அருகம்புல் தொட்டிகளும் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லலாம். தங்கள் வீட்டுச் செடியின் பெயர் தெரியாதவர்கள் ஓர் இலையைக் கொண்டு வந்து காட்டினால் இயன்றவரை சொல்கிறேன். மாலை ஆறு மணி வரை இங்கேதான் இருப்பேன்.